வியாகுல மாதாவுக்கு ஒரு டீசல் எஞ்சின்

பத்தாங்காஸ்,
பிப்ரவரி 12, 1997
திருநீற்றுப் புதன்

அன்பு மகன் லாவ்ரோவுக்கு,

உன்னையும் உன் கப்பலையும் ஆண்டவர் பத்திரமாகக் கரை சேர்ப்பாராக. நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால்களைத் தவிர மற்ற எல்லா உறுப்புகளும் என் பேச்சைக் கேட்கின்றன.

உன் கடிதம் வந்தது. மொத்தம் ஏழு வரி. தேதி இல்லை, எந்தத் துறைமுகம் என்றும் இல்லை. ஒரு சரக்குக் கப்பலின் இரண்டாம் எஞ்சினியர் தன் எஞ்சின் அறைப் பதிவேட்டில் இப்படித் தேதி போடாமல் எழுதினால் கேப்டன் சும்மா விடுவாரா? உன் அப்பா போனதிலிருந்து நீ எழுதும் கடிதங்கள் எல்லாம் தந்தி போல இருக்கின்றன. தந்திக்குக்கூடத் தேதி உண்டு.

இனி ஜீப் விஷயம். ஜனவரி கடைசியில் சந்தைக்கு முன்னால் ஒரு பெரிய சத்தத்தோடு நின்றுவிட்டது. காய்கறிக்காரிகள் எல்லோரும் சேர்ந்து வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தார்கள். நான் ஸ்டியரிங்கில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். செல்சோவை அழைத்துக் காட்டினேன். அவனை உனக்கு நினைவிருக்கும். நான்காம் வகுப்பில் கணக்கில் நான் ஐம்பத்தெட்டு மதிப்பெண் போட்ட செல்சோ. இப்போது சந்தைக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கிறான். அவன் மனைவி லிகாயாதான் வெல்டிங் செய்கிறாள். அவள் வைக்கும் ஒட்டு நேர்கோடாக இருக்கிறது என்பதை முதல் நாளே கவனித்துவிட்டேன்.

செல்சோ எஞ்சினுக்கடியில் தலையை விட்டுப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். "டீச்சரம்மா, செத்துப்போச்சு. பிளாக் வெடிச்சிருக்கு பாருங்க, விரலையே விடலாம்" என்றான். வெல்டிங் வைக்க முடியாதா என்று கேட்டேன். "வைக்கலாம் டீச்சரம்மா, ஈஸ்டர் வரைக்கும் தாங்கும். எந்த வருஷத்து ஈஸ்டர்னு மட்டும் கேக்காதீங்க" என்றாள் லிகாயா. ஐம்பது வயதான பெட்ரோல் எஞ்சின். அதற்கு இனி உதிரிபாகம் கிடையாதாம். ஜப்பானிலிருந்து கப்பலில் வந்து குவியும் பழைய டீசல் எஞ்சின் ஒன்றை வாங்கி இதில் மாட்டலாம், ஊரில் பாதி ஜீப் அப்படித்தான் ஓடுகிறது என்றார்கள்.

ஜீப் இருமுகிறது என்று கிறிஸ்துமஸில் நான் எழுதியதற்கே, அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடு, புது வேன் வாங்கித் தருகிறேன் என்று நீ எழுதியிருக்கிறாய். உன் நல்ல எண்ணத்துக்கு நன்றி. ஆனால் வியாகுல மாதா எதில் வருவாள்?

உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன், கடலில் இருப்பவர்களுக்கு மறதி அதிகம் என்பதால். நூற்றுப்பத்து ஆண்டுகளாக உயிர்ப்பு ஞாயிறு விடியலில் துக்க முக்காடு போட்ட மாதா சுரூபத்தை நம் வீட்டிலிருந்து நாம்தான் கோவில் முற்றத்துக்குக் கொண்டுபோகிறோம். ஆண்கள் உயிர்த்த ஆண்டவரோடு அந்தப் பக்கமிருந்து வருவார்கள், பெண்கள் மாதாவோடு இந்தப் பக்கமிருந்து. தாயும் மகனும் சந்திக்கும் இடத்தில் தேவதை உடுப்புப் போட்ட சிறுமி முக்காட்டை எடுப்பாள். நம் வீட்டால் ஒரு வருஷம் கொண்டுவர முடியவில்லை என்றால் அந்தப் பொறுப்பு அடுத்த கிளைக்குப் போய்விடும். இது உன் கொள்ளுப்பாட்டி எழுதி வைத்த நிபந்தனை. அடுத்த கிளை யார்? ரெமி. உன் அப்பாவின் சித்தப்பா மகள்.

ஜீப் நின்ற மறுநாளே அவள் வந்தாள், அரிசி அப்பம் எடுத்துக்கொண்டு. "அண்ணி, இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்தத் தொல்லை? எங்க புது பிக்கப்புல ஏசி இருக்கு. மாதாவுக்கு வேர்க்கவே வேர்க்காது" என்றாள். ஏசி உள்ளே, மாதா நிற்கப்போவது வெளியே, பின்னால், என்று நினைவூட்டினேன். அவள் விடவில்லை. "இன்னொண்ணு. இத்தனை வருஷம் அண்ணன் கறுப்புத் துணிக்குள்ள ஒளிஞ்சு உக்காந்து ஓட்டினார், சாமியாருங்க பாத்தும் பாக்காத மாதிரி இருந்தாங்க. இனிமே மாதா பக்கம் ஆம்பளை ஓட்டினா நான் ஒத்துக்க மாட்டேன்" என்றாள்.

அப்பம் நன்றாக இருந்தது. சாப்பிட்டு முடித்துவிட்டு, ஓட்டப்போவது நான் என்று சொன்னேன். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஆக, டீசல் எஞ்சின் வருகிறது. வேலை நம் வீட்டு முற்றத்திலேயே, நட்சத்திரப்பழ மரத்தடியில், என் கண் முன்னால் நடக்கும். பட்டறைக்கு அனுப்பினால் என்ன செய்கிறார்கள் என்று யார் பார்ப்பது? மார்ச் 30 ஈஸ்டர். பெரிய வெள்ளியன்று செல்சோ ஸ்பானரைத் தொட மாட்டான். அன்று பட்ட காயம் ஆறாது என்பது இவர்கள் நம்பிக்கை. எனவே வியாழன் மாலைக்குள் முடிய வேண்டும். இதை உன் அனுமதிக்காக எழுதவில்லை, தகவலுக்காக எழுதுகிறேன்.

வேளா வேளைக்குச் சாப்பிடு. எஞ்சின் அறையிலிருந்து வியர்வையோடு நேராகக் காற்றில் போய் நிற்காதே.

என்றும் உன்னை ஆசீர்வதிக்கும்
அம்மா,
லியோனோர்


பத்தாங்காஸ்,
மார்ச் 26, 1997
புனித வாரம், புதன்

அன்பு மகன் லாவ்ரோவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், கையெழுத்தை மன்னித்துக்கொள். கோணலாக இருக்காது, சற்றுச் சிறியதாக இருக்கும், அவ்வளவுதான். இன்று மதியத்தோடு தபால் நிலையம் மூடிவிடும், திங்கட்கிழமைதான் திறக்கும்.

எஞ்சின் ஓடுகிறது! முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை வரிசையாகச் சொல்வேன்.

பழைய எஞ்சினை நான்கு வாரம் முன்பு வெளியே எடுத்தார்கள். மரக்கிளையில் செயின் பிளாக் மாட்டி, செல்சோ சங்கிலியை இழுக்க, உன் அப்பாவின் எஞ்சின் மெதுவாக மேலே வந்து ஆடியது. நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் பிஸ்கட் டப்பாக்களில் போடச் சொல்லி, ஒவ்வொன்றின் மேலும் நானே சீட்டு எழுதி ஒட்டினேன். 'ரேடியேட்டர், இடது, கீழ்.' 'கிளட்ச், ஆறில் ஐந்து. ஆறாவது செல்சோவின் பையில்.' செல்சோ அதைப் படித்துவிட்டுப் பையைத் துழாவினான், இருந்தது. "இன்னும் நாலாங்கிளாஸ்லயே இருக்க மாதிரி இருக்குடி" என்று மனைவியிடம் சொன்னான். "அப்பவாவது ஒழுங்காப் படிச்சிருந்தா இப்ப பாஸாகியிருப்பே" என்றாள் அவள்.

பழைய எஞ்சினை எடைக்குப் போட நான் விடவில்லை. துடைத்து, சாக்கு விரித்து, வீட்டுக்கடியில், தூண்களுக்கு நடுவே வைத்தேன். மூன்றாம் நாள் சிவப்புக் கோழி அதன் மேல் ஏறி முட்டை வைத்துவிட்டது. இப்போது ஒன்பது முட்டைகளை அடைகாக்கிறாள். உன் அப்பா சந்தோஷப்பட்டிருப்பார். பழைய எஞ்சின் ஒருநாளும் இவ்வளவு உருப்படியாக வேலை செய்ததில்லை.

புது எஞ்சின் ஜப்பானில் ஒரு சிறிய லாரியில் இருந்ததாம். நான்கு சிலிண்டர். பழையதைவிட ஒன்றரை மடங்கு கனம். கீழே இறக்கியதும் ஜீப்பின் மூக்கு, குட்டித் தூக்கம் போடும் நாய் போல, தரையை நோக்கிப் போய்விட்டது. முன்சக்கர ஸ்பிரிங்கில் பக்கத்துக்கு ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்தார்கள், நிமிர்ந்தது. எஞ்சின் நீளமாக இருந்ததால் டேஷ் போர்டுக்கு முன்னால் தகட்டை லிகாயா வெட்டினாள். வெட்டும் முன் நான் சாக்பீஸால் கோடு போட்டேன். அந்தக் கோட்டை ஒரு நூல்கூட அவள் தாண்டவில்லை. கியர் பாக்ஸ் எஞ்சினோடு சேர்ந்தே வந்ததால் கியர்க்கம்பி இப்போது ஒரு சாண் பின்னால் தள்ளி முளைத்திருக்கிறது. உன் அப்பாவின் முழங்காலில் இடித்திருக்கும். எனக்குச் சரியாக இருக்கிறது.

முதல் தடவை கிளப்பிய கதை கேள். ஹீட்டர் பிளக் சூடாக இருபது வரை எண்ண வேண்டும் என்றான் செல்சோ. நான் எண்ணவில்லை, ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடித்தால் கணக்குச் சரியாக இருக்கிறது. ஆமென் சொல்லிச் சாவியைத் திருப்பினேன். கறுப்புப் புகையோடு உறுமியது, கைதட்டினோம், நின்றுவிட்டது. மறுபடி உறுமியது, மறுபடி நின்றது. செல்சோ தரையில் உட்கார்ந்துவிட்டான். "ரத்தம் காட்டலை டீச்சரம்மா. புது எஞ்சினுக்குக் கோழி ரத்தம் காட்டாம கிளப்பினா இப்படித்தான்" என்றான். என் வீட்டில் அந்த அஞ்ஞானம் நடக்காது என்றேன். "அஞ்ஞானமும் இல்ல, ஒண்ணுமில்ல. டீசல் குழாய்ல காத்து மாட்டியிருக்கு. இந்த ஆளு நட்டைச் சரியா முறுக்கலை" என்றாள் லிகாயா. "நான் முறுக்கினா முறுக்கினதுதான்டி!" "அப்ப கோழி வந்து முறுக்குமா?"

எப்படியும் மதியத்துக்கு இஞ்சி போட்டுக் கோழிக்குழம்பு வைப்பதாக இருந்தேன். கோழியை எங்கே அறுத்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம் திறப்பதில்லை. சிவப்புக் கோழியைத் தொடக்கூடாது என்று மட்டும் சொல்லியனுப்பினேன். நான் திரும்பி வந்தபோது எஞ்சின் முன்னால் மூன்று சொட்டு இருந்தது. லிகாயாவின் கையில் ஸ்பானரும் டீசல் நுரையும் இருந்தன. சாவியைத் திருப்பினேன். ஓடியது. இன்றுவரை நிற்கவில்லை. தன்னால்தான் என்று இருவரும் சொல்கிறார்கள். அது சாப்பாட்டு மேசையில் இன்னும் முடியாத வழக்கு.

சொல்லப்போனால் அதை நிறுத்துவதுதான் வேடிக்கை. சாவியை எடுத்தாலும் டீசல் நிற்பதில்லை. டேஷ் போர்டுக்கடியில் ஒரு குமிழ், அதைப் பிடித்து இழுக்க வேண்டும். என்னைப் போன்ற சுபாவம்.

ஒரே ஒரு கருத்து வேற்றுமை. எஞ்சின் உட்காரும் நான்கு இடத்திலும் செல்சோ பழைய டயரை வெட்டி ரப்பர் துண்டுகள் வைத்திருந்தான். அதன் மேல் எஞ்சின் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. உன் அப்பாவின் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் நிற்கவில்லை. செல்சோ, "எஞ்சின் சாஞ்சிருந்தா என்ன டீச்சரம்மா, மாதா அதுமேலயா நிக்கப்போறாங்க?" என்றான். கன்னியர் மடத்தில் சிஸ்டர் குடுலா எங்கள் துணியை உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுவார். யாரும் பார்க்காத இடத்தில் கோணலாக இருந்தால் அது கோணல்தான். ரப்பரை எடுத்துவிட்டு, இரும்போடு இரும்பாக, மட்டம் பார்த்து வைக்கச் சொன்னேன். "நடுங்கும் டீச்சரம்மா" என்றான். மெதுவாக ஓடினால் கொஞ்சம் நடுங்குகிறது, உண்மைதான், வேகமெடுத்தால் சரியாகிவிடுகிறது. இப்போது குமிழி மிகச் சரியாக நடுவில் நிற்கிறது. டயர் துண்டுகளைச் செருப்புக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

புது எஞ்சினோடு நான் ஓட்டிப் பழகுகிறேன். சந்தைத் தெருவில் எனக்கு இப்போது நல்ல மரியாதை. எல்லோரும் ஒதுங்குகிறார்கள்.

இன்று மாலை மாதாவை ஜீப்பின் பின்மேடையில் ஏற்றி உடுத்துகிறோம். ரெமியும் வருவாள், குறை கண்டுபிடிக்க. எனக்காக ஜெபித்துக்கொள்.

ஆண்டவரின் பாடுகள் உன்னைக் காக்கட்டும்.

அம்மா,
லியோனோர்


பத்தாங்காஸ்,
மார்ச் 31, 1997
உயிர்ப்புக்கு மறுநாள், திங்கள்

அன்பு மகன் லாவ்ரோவுக்கு,

அல்லேலூயா! மாதா கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தாள். சொந்த வண்டியில். நான் ஓட்டி.

முழுவதையும் எழுதுகிறேன், ஏனென்றால் ஊரிலிருந்து வேறு யாராவது உனக்கு எழுதினால் நம்பும்படியாக இருக்காது.

விடியற்காலை நாலு மணிக்கு நட்சத்திரப்பழ மரத்தடியில் பெண்கள் கூடிவிட்டார்கள். செல்சோ ஆண்கள் பக்கம் போயாக வேண்டும். போகும்போது, "டீச்சரம்மா, ஸ்லோவுல வச்சீங்கன்னா..." என்று ஆரம்பித்தான். அவன் மனைவி, "போய்யா, சாமி காத்திருக்கார்" என்று துரத்தினாள். அவளே என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கள் மேல் கறுப்புத் துணி; பார்க்க ஒரு சாண் இடைவெளி. ஒரு 'அருள் நிறைந்த மரியே'. சாவி. கிளம்பியது. ஒரே தடவையில்.

இங்கேதான் என் தவறு என்னைப் பிடித்தது. இந்த ஒன்றரை மாதத்தில் நான் எல்லாவற்றையும் அளந்தேன், ஒன்றைத் தவிர. மாதாவின் பவனி நடை வேகத்தில் போகும். நடை வேகம் என்றால் முதல் கியர், ஆக்சிலேட்டரில் கால் கிடையாது. அந்த எஞ்சின் எந்த வேகத்தில் நடுங்குமோ மிகச் சரியாக அந்த வேகம்.

வண்டி நடுங்கியது. என் கை நடுங்கியது. பற்கள் கிடுகிடுத்தன. மெழுகுவர்த்திகளும் பாட்டும் தெருவைத் திரும்பியபோது, பின்னால் யாரோ பாட்டை நிறுத்தினார்கள். பிறகு இன்னொருத்தி. "ஏய், அம்மாவைப் பாருங்கடி... தோள் குலுங்குது!" துணி ஓரத்தை விலக்கிப் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். கறுப்பு முக்காட்டுக்குள் மாதாவின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. கைக்குட்டை பிடித்த கை நெஞ்சில் அடித்துக்கொள்வது போல நடுங்கியது. தலை மெல்ல மெல்ல ஆடியது. "அழுறாங்கடி! தேம்பித் தேம்பி அழுறாங்க!"

மகனே, நூற்றுப்பத்து வருஷமாகச் சும்மா நின்ற சுரூபம் அது.

தெரு முழுக்க அழ ஆரம்பித்தது. வெட்கமில்லாத, சத்தமான அழுகை. மீன்காரிகள், என்னிடம் படித்தவர்கள், போன வருஷம் பிள்ளையைப் பறிகொடுத்தவள், புருஷன் துபாயிலிருந்து எழுதாமலே விட்டவள். லிகாயா என் காதோடு சொன்னாள், "டீச்சரம்மா, கிளட்சை மிதிச்சு ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுங்க, நடுக்கம் நின்னுடும்." கால் ஆக்சிலேட்டருக்கு மேலே போனது. அப்போது துணி இடைவெளியில் ஒரு முகம் வந்தது. ரெமி. குறை கண்டுபிடிக்க வந்தவள். மூக்கு சிவந்து, முடி கலைந்து. "அண்ணி, வேகமாப் போயிடாதீங்க அண்ணி. இன்னிக்குத்தான் அவங்க என்கூட அழுறாங்க" என்றாள். எழுபத்தொன்றாம் வருஷம் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து மூன்று நாள்தான் இருந்தது. உனக்குத் தெரியாது. நாங்கள் யாரும் அதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நான் மிதிக்கவில்லை.

கோவில் முற்றம்வரை இருநூறு மீட்டர். அதே வேகத்தில் ஓட்டினேன். உன் அப்பாவின் அடக்கத்தன்று நான் அழவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்ததுதான். முதுகை நிமிர்த்தி உட்காரச் சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தவளின் உடம்பும் அந்த எஞ்சினோடு சேர்ந்து குலுங்குகிறது. அதில் எஞ்சின் எவ்வளவு, நான் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. லிகாயா பார்த்தாள். தன் தலைத்துண்டைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டு நேராக முன்னால் பார்த்துக்கொண்டாள். நல்ல பெண்.

முற்றத்தில் ஆண்டவர் அந்தப் பக்கமிருந்து வந்தார். தேவதைச் சிறுமியைக் கயிறு கட்டி மேலே இருந்து இறக்கினார்கள். அவள் முக்காட்டைப் பிடித்து இழுத்த அதே நொடியில் நான் குமிழை இழுத்தேன்.

எஞ்சின் நின்றது. மாதாவின் நடுக்கம் நின்றது.

அந்த அமைதியை என்னால் எழுத முடியவில்லை. முக்காடு போய், வெள்ளையும் நீலமுமாக, அசையாமல், மகனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தூரத்தில் ஒரு சேவல் கூவியது. பிறகு மணிகள், வெடி, கூச்சல். அந்தக் கூச்சல் வானத்தை முட்டியது. ஆண்கள் பக்கம் செல்சோ வாயைப் பிளந்துகொண்டு நின்றதைத் துணி இடைவெளியில் பார்த்தேன். இவ்வளவு சந்தோஷத்தை நம் முற்றம் கண்டதில்லை. ரெமி என்னை ஜீப்பிலிருந்து இறக்கிக் கட்டிக்கொண்டாள். என் உடுப்பு முழுக்க அவள் கண்ணீரும் பவுடரும். நானும் அவளை விடவில்லை என்பதை நேர்மைக்காகச் சொல்கிறேன்.

பூசை முடிந்து காப்பி குடிக்கும்போது பங்குச்சாமி எலிசெயோவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். ரப்பர் இல்லாதது, அது என் பிடிவாதம், மிதித்திருந்தால் நின்றிருக்கும், மிதிக்கவில்லை. இது ஏமாற்றுவதில் சேருமா? அவர் ரொட்டியைக் காப்பியில் நனைத்தார். "டீச்சரம்மா, நான் ஆறு வருஷமா அந்தப் பீடத்துல நின்னு தொண்டை கிழியக் கத்துறேன். ஒருத்தர் கண்ணுலயும் ஒரு சொட்டு வரலை. அந்த எஞ்சினை அடுத்த தவக்காலத்துக்கு எனக்கு இரவல் குடுப்பீங்களா?" என்றார். இந்தக் காலத்துச் சாமியார்கள்.

எனக்கு அது போதவில்லை. மரியாயின் சபைப் பெண்கள் எல்லோரையும் நிறுத்தி, நடந்தது எஞ்சின் நடுக்கம், அற்புதம் அல்ல, என்று விளக்கினேன். ரசமட்டம் முதல் டயர் துண்டுவரை சொன்னேன். எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். "ஆமா டீச்சரம்மா" என்றார்கள், வகுப்பில் சொல்வது போல, ஒரே குரலில். பிறகு ஒருத்தி கேட்டாள், "அடுத்த வருஷமும் இதே எஞ்சின்தானே டீச்சரம்மா?" இவர்களுக்கெல்லாம் நான்தான் பாடம் சொல்லிக் கொடுத்தேன். எங்கே தவறினேன் என்று தெரியவில்லை.

மாதா நம் வீட்டிலேயே இருக்கிறாள். ரெமி இனி பிக்கப் பேச்சு எடுக்கமாட்டாளாம். அடுத்த வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து வருவதற்கு மட்டும் இடம் கேட்கிறாள். லிகாயாவோடு பேசி முடிவு செய்யச் சொன்னேன். நேற்று சிவப்புக் கோழி ஒன்பதில் ஏழு பொரித்துவிட்டாள். உயிர்ப்பு ஞாயிறன்று!

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று காலை தபால் நிலையம் திறந்ததும் உன் கடிதம் வந்தது. தேதி இருந்தது, மார்ச் 6. துறைமுகம் இருந்தது, சாந்தோஸ். நான்கு பக்கம். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தேன். மூன்றாம் பக்கத்தில் நீ வரைந்த படம், எஞ்சின் உட்காரும் இடம், ரப்பரின் கனம், அகலம், போல்ட்டின் அளவு எல்லாம் போட்டு. அதன் கீழே: 'அம்மா, இரும்போடு இரும்பு வைக்க மட்டும் விடாதீர்கள். மெதுவாகப் போகும்போது பயங்கரமாக நடுங்கும். மாதாவை வைத்துக்கொண்டு நடை வேகத்தில்தானே போவீர்கள்?' கப்பலில் உட்கார்ந்துகொண்டு நீ யோசித்ததை முற்றத்தில் நின்றுகொண்டு நான் யோசிக்கவில்லை. நீ சொன்னது சரி, நான் செய்தது தவறு. இந்த வரியைக் கத்தரித்து வைத்துக்கொள், இன்னொன்று கிடைக்காது.

நான்காம் பக்கத்தில் அப்பாவைப் பற்றி எழுதியிருந்தாய். டீசல் வாடையே ஆகாது என்பாரே, இப்போது என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணிச் சிரித்ததாக. பிறகு சிரிப்பு நின்றுவிட்டதாக. அவர் போன செய்தி வந்தபோது கப்பல் நடுக்கடலில் இருந்தது. கடலில் போகும் கப்பலை யாரும் திருப்ப முடியாது. இதை உன் அப்பாவே சொல்லியிருப்பார், அவருக்கு மூச்சு இருந்திருந்தால். நான் ஒருநாளும் உன்மேல் குறை நினைத்ததில்லை. இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். உன் கடிதங்களில் தேதியைத் தேடிக்கொண்டிருந்ததில் இது விட்டுப்போயிற்று.

அந்தப் படத்தைச் சாப்பாட்டு மேசைக் கண்ணாடிக்கடியில் வைத்திருக்கிறேன். மதியம் செல்சோ வந்தான். "படத்தைக் குடுங்க டீச்சரம்மா, ஒரு மணி நேர வேலை, ரப்பரைப் போட்டு முடிச்சுடறேன்" என்றான். கண்ணாடி கனமாக இருக்கிறது, தூக்க முடியாது என்றேன். அவன் படத்தைப் பார்த்தான், கீழே உன் கையெழுத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஆமா டீச்சரம்மா. நல்ல கனம். ரெண்டு ஆள் வேணும்" என்று சொல்லி, குழம்பை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனான். கணக்கில் ஐம்பத்தெட்டு போட்டது அநியாயமோ என்று இப்போது தோன்றுகிறது.

உன் ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது என்று கப்பல் கம்பெனியின் மணிலா அலுவலகத்துப் பெண் சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள். உன்னை அழைத்துவர வண்டி பேருந்து நிலையம்வரை தாராளமாக ஓடும். வேகமாக ஓட்டினால் நடுங்குவதில்லை, நான் வேகமாகத்தான் ஓட்டுகிறேன். ரப்பர் வாங்கி வைத்துவிட்டேன், நீ போட்ட அளவிலேயே, நான்கு துண்டு, பிஸ்கட் டப்பாவில், சீட்டு ஒட்டி.

அடுத்த கடிதம் நான்கு பக்கம் இருக்க வேண்டியதில்லை. ஒரு வரி போதும். அதில் தேதி மட்டும் இருக்கட்டும்.

முக்காடு நீங்கிய நம் மாதா உன்னைத் தன் பார்வையிலேயே வைத்திருப்பாளாக.

காத்துக்கொண்டிருக்கும் உன்
அம்மா,
லியோனோர்